பொடி டின்னில் அரிசி

2006 மே 14, ஞாயிறு, காலை 6.40. காற்றே இல்லாத புழுக்கம். மனைவிக்குக் காய்ச்சல் என்பதால் நான்தான் அரிசி அளந்தேன். மூன்றாவது ஆழாக்கில் டின்னின் அடி தட்டியது. கையை எடுத்தால் விரல் நுனிகள் வெள்ளிபோல மின்னின.

சிவகாசியில் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகன் கொண்டுவந்த காலி டின் அது. அலுமினியப் பொடி வந்த டின். அதில் அரிசி கொட்டிப் பதினொரு நாள் ஆகியிருந்தது. அடிமடிப்பில் பொடி தங்கியிருக்கிறது.

"எங்க ஆளுக அம்புட்டுப் பேர் வீட்டுலயும் இதான்ப்பா அரிசி டின்னு. யாரு செத்தாக?" என்றான் மகன்.

"தேய்ச்சுக் கழுவித்தான் வச்சேன். எதுக்கெடுத்தாலும் பயப்படுவீக" என்றாள் மனைவி. அவளுக்கு ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு. என் பயமே அதுதான்.

மறுநாள் அவளை டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் சிரிக்கவில்லை. "நல்ல கிட்னின்னா பெரும்பாலும் வெளிய தள்ளிரும். இவங்களுக்கு உடம்புலயே சேரலாம். சீக்கிரமே பார்த்துட்டீங்க" என்றார். ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு முன்பைவிடக் கூடவில்லை.

இப்போது எங்கள் தெருவுக்கு எந்தப் பொடி டின் வந்தாலும், "சாப்பாட்டுக்கு ஆகாது" என்று சிவப்புப் பெயிண்டில் எழுதிவிடுகிறேன். "பெயிண்டு வாத்தியார் வாராரு, டின்னை ஒளிச்சு வைங்க" என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும். இதுவரை பதினேழு டின்னில் எழுதியாயிற்று, நிறுத்துவதாக இல்லை.

டாக்டருக்கு 50, பரிசோதனைக்கு 130, பஸ்ஸுக்கு 12, எவர்சில்வர் டின்னுக்கு 420, பெயிண்டுக்கு 38. ஆக 650 ரூபாய்.