கியர் புஷ்ஷும் அளவு ரவிக்கையும்

இந்த நிகழ்ச்சியை மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வார்கள். அப்பா சொல்லும்போது கார் ஓர் அங்குலம்கூடப் பிசகாது. அம்மா சொல்லும்போது அது ஏறிய மணல்மேடு ஆண்டுக்காண்டு உயரும். லேத் பட்டறை மாமா சொன்னாலோ எல்லாவற்றையும் அவர் ஒருவரே செய்து முடித்திருப்பார். ஆகவே, நான் கண்ணால் கண்டவற்றையும், அவர்களில் இருவராவது ஒத்துச் சொன்னவற்றையும், தாளில் எழுதப்பட்டு இன்றும் கைவசம் இருப்பவற்றையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். மணல்மேட்டின் உயரத்தை யாரும் அளக்கவில்லை. எனவே அதைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை.

நான் அப்போது ஓசூரில் நான்காம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவர். தொழிற்பேட்டையில் உதிரிப்பாகங்கள் செய்யும் ஆலை ஒன்றில் தரப் பரிசோதகர். அவர் கையெழுத்து இல்லாமல் ஓர் ஆணிகூட அந்த ஆலையின் வாசலைத் தாண்டாது. அம்மா ராயக்கோட்டைக்காரர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் அவர் வாயில் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் வந்துபோகும். எங்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. அப்பா அதற்கு நான்காவது உரிமையாளர். அந்த வகைக் காரைச் செய்வதை அதன் நிறுவனம் எப்போதோ நிறுத்திவிட்டிருந்தது.

அந்த ஆண்டு அம்மாவுக்கு ஒரு வேலை கிடைத்தது. கெலமங்கலம் சாலையில் ரோஜாப் பண்ணை ஒன்றின் சிப்பமிடும் கூடத்தில், பூக்களைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குவதை மேற்பார்க்கும் வேலை. காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் எங்கள் பக்கத்திலிருந்து பேருந்து இல்லை. முதல் தேதிக்குள் காரோட்டி வரத் தயாரானால் வேலை அம்மாவுக்கு, இல்லையேல் வேறொருவருக்கு. ஓட்டுநர் தேர்வு அதற்கு முந்தைய புதன்கிழமை. அதில் தவறினால் அடுத்த வாய்ப்பு வருவதற்குள் முதல் தேதி கடந்துவிடும்.

அம்மா ஓட்டக் கற்றதெல்லாம் எங்கள் காரில்தான். பயிற்சிப் பள்ளியின் காரில் ஒருமுறை ஏறிக் கிளட்சை விட்டபோது அது தவளைபோல் குதித்தது. எனவே தேர்வுக்கும் எங்கள் காரையே கொண்டுபோவது என்று முடிவாயிற்று. அதில்தான் சிக்கல் இருந்தது. கியர் தடி கீழே கம்பியோடு சேரும் இடத்தில் மோதிரம் போன்ற சிறு நைலான் வளையம் ஒன்று உண்டு; புஷ் என்பார்கள். எங்கள் காரில் அது தேய்ந்து, கியர் தடி கூழ்ப்பானையில் விட்ட அகப்பைபோல் நாலா பக்கமும் ஆடியது.

“இன்ஸ்பெக்டரு உள்ள ஏறி உக்காந்து இதத் தொட்டாருன்னு வையி, வண்டியே சரியில்லன்னு திருப்பி அனுப்பிருவாரு” என்றார் அப்பா.

ஓசூர்க் கடைகளில் அந்த வளையம் தனியாகக் கிடைக்கவில்லை. முழுத் தொகுதியாகத்தான் வரும். அதற்கும் மூன்று வாரம் ஆகும் என்றார்கள். சனிக்கிழமை புஷ்ஷைக் கழற்றி, அதன் இடத்தில் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு, அதே காரில் கர்நாடக எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போனோம். அங்கே ஒரு கடைக்காரர் தேய்ந்த புஷ்ஷை விரல் நுனியில் மாட்டிப் பார்த்தார். “சிகல்லா சார்” என்று தொடங்கிக் கன்னடத்தில் நெடுநேரம் பேசினார்.

“என்ன சொல்லுதாரு?” என்று அப்பா அம்மாவைக் கேட்டார்.

“கெடைக்காதுன்றாரு.”

“கெடைக்காதுங்கதுக்கா இவ்வளவு நேரம்?”

“மீதி உங்களப் பத்திங்க. இந்த வண்டில பொண்டாட்டி புள்ளயக் கூட்டினு இவ்ளோ தூரம் வந்துக்கீறீங்கன்னு ஆச்சரியப்படறாரு.”

அப்பா புஷ்ஷைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும், “கெடைக்கலன்னா என்ன, செஞ்சிருவோம்” என்றார்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, வெர்னியர் கருவியால் அந்தத் தேய்ந்த வளையத்தை அளந்தார். ஒவ்வோர் இடத்தையும் மும்முறை அளந்து சராசரி கண்டார். பிறகு அதற்கு ஒரு வரைபடம் வரைந்தார். தேய்மானம் என்பது அவர் அறியாத செய்தியன்று. ஆயினும், மாதிரி என்று ஒன்று மேசைக்கு வந்துவிட்டால் அதைக் கேள்வி கேட்கும் வழக்கம் அவர் ஆலையில் இல்லை. அங்கே மாதிரிதான் சட்டம். மற்றவை அனைத்தும் அதற்கு ஒத்துவர வேண்டியவை. இருபது ஆண்டு அப்படி உழைத்த கண்ணுக்கு, அந்த வளையத்தில் அளவு மட்டுமே தெரிந்தது.

வரைபடத்தோடு என்னையும் அழைத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனார். பட்டறைக்கார மாமா உள்ளூர்க்காரர். அப்பாவின் ஆலைக்குச் சில்லறைக் கடைசல் வேலைகள் செய்து தருபவர். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அண்ணா, உள்துளை ஒரு மாதிரி கோணலாக்கீதே?”

“டிராயிங்ல என்ன இருக்கோ அத அடிப்பா, போதும்.”

“அடிக்கறேங்ணா. கோணலுக்குக்கூட எவ்ளோ கூடலாம், கொறயலாம்னு டாலரன்ஸ் போட்டுக்கீறீங்களே, அதான் கேட்டேன்.”

லேத்தில் கோணல் துளை போட இயலாது. ஆகவே அவர் முதலில் வட்டமாகக் கடைந்து, பின்னர் அரத்தால் ராவி அந்தக் கோணலையும் உண்டாக்கித் தந்தார். அவ்வளவு ஒழுங்கான கோணலை அவர் வாழ்நாளில் செய்ததில்லை என்று இன்றும் சொல்வார். இதை அப்பாவும் மறுப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா புதிய புஷ்ஷை அளந்து, கட்டம் போட்ட ஆய்வுத் தாளில் ஒவ்வோர் அளவையும் நிரப்பினார். அடியில் ‘ஏற்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். அந்தத் தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. பின்னர் காருக்கு அடியில் புகுந்து புஷ்ஷை மாட்டி, வெளியே வந்து, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து கியர் தடியைப் பிடித்தார்.

அது முன்பு எப்படி ஆடியதோ அப்படியே ஆடியது.

மீண்டும் ஆட்டிப் பார்த்தார். புஷ்ஷைக் கொண்டுவந்திருந்த மாமாவும் சன்னல் வழியே கையை விட்டு ஆட்டிப் பார்த்தார். பிறகு உண்மையான மனமகிழ்வோடு, “அச்சு அசலு பழசு மாதிரியே வந்துக்குதுங்ணா!” என்றார்.

துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மா அருகில் வந்து, அப்பா கையிலிருந்த தேய்ந்த புஷ்ஷையும் தாளையும் பார்த்தார். பிறகு ஈரத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“ஏங்க, தொளதொளன்னு போன ஜாக்கெட்ட அளவுக்குக் குடுத்தா, டைலரு தொளதொளன்னுதான தைப்பாரு? ஒடம்ப அளக்கணும்ங்க.”

அப்பாவின் முகம் சிவந்தது. அவர் மாமாவைப் பார்த்தார். மாமா வானத்தைப் பார்த்தார். பின்னர் அப்பா மறுபடியும் காருக்கு அடியில் புகுந்தார். இம்முறை வளையத்தை விட்டுவிட்டு, அது அணைத்துக்கொள்ள வேண்டிய கம்பியை அளந்தார்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டாவது புஷ் வந்தது. அதை மாட்டியதும் கியர் தடி நிலைக்கால்போல் அசையாமல் நின்றது. அப்பா அதைத் தட்டிப் பார்த்த விதத்தில், அந்தக் காரை அவரே பெற்றெடுத்தது போன்ற பெருமிதம் இருந்தது. அம்மாவை ஏற்றிக்கொண்டு, அவர் ஓட்டிப் பழகும் மைதானத்துக்குப் போனோம்.

அங்கே நிகழ்ந்தது யாரும் எதிர்பாராதது. தளர்ந்த தடியில் பழகிய அம்மா, முதல் கியருக்கு அதைத் தேவைக்கு மேல் இடப்பக்கம் தள்ளப் பழகியிருந்தார். பழைய புஷ்ஷில் அந்தத் தள்ளலின் பாதி ஆட்டத்தில் வீணாகி, கியர் சரியாக விழும். புதியதில் வீணாக இடமில்லை. அதே தள்ளல் தடியை நேராகப் பின் கியரில் கொண்டுபோய்ச் சேர்த்தது. முன்னால் போக வேண்டிய கார் பின்னால் போய், மைதானத்தின் ஓரத்தில் கொட்டியிருந்த மணலில் ஏறி நின்றது. இரண்டாம் முறையும் அவ்வாறே. மூன்றாம் முறை அம்மா ஓட்டவில்லை. சாவியைத் திருகி இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

“வேலைக்குப் போன மாதிரிதான்” என்றார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

புதன்கிழமை விடிந்ததும் அம்மா அப்பாவின் எதிரே வந்து நின்றார்.

“அந்த மொதல்ல செஞ்ச புஷ்ஷையே போட்டுருங்க.”

“அது ஆடும்லா?”

“ஆடட்டும். எனக்கு அதுதான் கையில வருது. இன்னிக்கு ஒரு நாளுக்குப் போடுங்க.”

“இன்ஸ்பெக்டரு பாத்துட்டாருன்னா?”

“பாக்கறப்ப பாத்துக்கலாம். போடுங்க.”

அப்பா முதல் புஷ்ஷைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காருக்கு அடியில் போனார். நான் படிக்கட்டில் அமர்ந்து காலணி மாட்டிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன. வேலை செய்யும்போது அவர் கால்விரல்கள் மடங்கி மடங்கி விரியும். அன்று அவை அசையவில்லை. சற்று நேரம் கழித்து வெளியே வந்து, “மாத்தியாச்சி” என்றார். கையில் கிரீஸ் இருந்தது. ஆனால் அந்தக் காரை எங்கே தொட்டாலும் கிரீஸ் ஒட்டும்; அதைச் சான்றாகக் கொள்ள இயலாது.

தேர்வு நடக்கும் போக்குவரத்து அலுவலகம் வரை அப்பாவே ஓட்டினார். அம்மா பக்கத்தில் அமர்ந்து கண்களை மூடிக்கொண்டிருந்தார். நான் பின்னிருக்கையில் இருந்தேன். கியர் தடி எனக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்தது. அது ஆடியதா என்று சொல்லியிருக்கக்கூடிய ஒரே சாட்சி நான்தான். நானோ, முன்னே சென்ற லாரியின் கூண்டுகளில் அடைத்திருந்த கோழிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இன்ஸ்பெக்டர் காருக்குள் ஏறவே இல்லை. வேப்பமர நிழலில் நின்று கையசைத்தார். அம்மா முதல் கியர் போட்டார். கார் முன்னால் போனது. கொடி நட்ட இடத்தில் திரும்பியது. போ என்றபோது போய், பின்னால் வா என்றபோது பின்னால் வந்து, நில் என்ற இடத்தில் நின்றது. இன்ஸ்பெக்டர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திரும்பும்போது அம்மாவின் குரல் ஒரு கட்டை உயர்ந்திருந்தது. “பாத்தீங்களா? பழசப் போட்டதும் கை அதுவா போச்சி!”

“ஆமா” என்றார் அப்பா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்று மாலை அவர் மறுபடியும் காருக்கு அடியில் போய் வந்து, “புதுச மாட்டிட்டேன், இனிமே இதுலயே பழகிக்கோ” என்றார். அம்மா இரண்டே நாளில் பழகிக்கொண்டார். முதல் தேதி காலை ஐந்தரைக்கு அவர் தனியாக ஓட்டிச் சென்றதை நான் மாடியிலிருந்து பார்த்தேன். மாலையில் காரெங்கும் ரோஜாத் தண்டின் பச்சை மணம் வீசியது.

சென்ற மாதம் அப்பாவிடம் நேராகவே கேட்டேன். “அன்னைக்குக் காலைல நிசமா மாத்துனீங்களாப்பா?”

“மாத்தியாச்சின்னு சொன்னேம்லா?”

“சொன்னீங்க. மாத்துனீங்களா?”

“சொன்னேம்லா” என்றார். பிறகு, அம்மா அடுக்களையில் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினார்.

அளவு தவறிய ஆணிக்குக்கூடக் கையெழுத்திடாத மனிதர் செய்யாத ஒன்றைச் செய்ததாகச் சொல்லக்கூடும் என்பது ஒன்பது வயதில் எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும், அதை யார் பொருட்டுச் சொல்லியிருப்பார் என்பது விளங்கியிராது. அந்தப் புதன்கிழமை காருக்குள் இருந்தது தேய்ந்த அளவில் செய்த புஷ்ஷா, சரியான அளவில் செய்த புஷ்ஷா என்பது தெரியவில்லை.