சாந்தாமணி அக்காவின் கிட்னி

நான் நர்ஸாக இருக்கிற குழந்தைகள் டயாலிசிஸ் பிரிவில் ஊசி குத்துவது பாதி வேலைதான். கூட வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது மீதிப் பாதி. ஆஸ்பத்திரியில் யாருக்காவது துணைக்கு உட்கார்ந்தவர் என்றால் உங்களுக்கும் இது தெரிந்திருக்கும்.

எத்தனை காய்ச்சல்

சோமனூரிலிருந்து சாந்தாமணி அக்கா தன் மகள் தர்ஷினியைக் கூட்டி வந்தபோது பாப்பாவுக்கு ஒன்பது வயது. இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப் போயிருந்தன. பிறவியிலிருந்தே சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் மேலே சிறுநீரகத்துக்கே திரும்பி ஏறியிருக்கிறது. கிருமி சேர்ந்து காய்ச்சல் வந்தபோதெல்லாம் சிறுநீரகத்தில் தழும்பு விழுந்திருக்கிறது என்றார் டாக்டர். இனி வாரம் மூன்று நாள் மெஷின். வேறு சிறுநீரகம் வைத்தால்தான் அதிலிருந்து விடுதலை. உங்கள் தப்பில்லை என்று அக்காவிடம் எத்தனை தடவை சொன்னாலும் பதில் ஒன்றுதான்: "காய்ச்சல்னு மாத்திரையக் குடுத்துப் பள்ளிக்கோடத்துக்கு அனுப்பிப்போட்டேனுங்க தம்பி. ஒன்னுக்கு டெஸ்ட் பண்ணோணும்னு ஆருங்க சொன்னாங்க?"

யார் பாப்பா?

இந்த நோவு வந்தால் குழந்தைகள் சரியாக வளர மாட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் ஆறு வயதுப் பையன் ஒருவன். தன் உயரமே இருந்த தர்ஷினியைக் காட்டி, "இந்தப் பாப்பா பேரென்னங்ண்ணா?" என்று என்னிடம் கேட்டுவிட்டான். ஊசி குத்திய கையை அசைக்காமல் படுத்திருந்தவள் தலையை மட்டும் திருப்பினாள். "நான் நாலாவதுடா. அக்கான்னு கூப்புடு, இல்லீன்னா உன்ற மெஷின ஆப் பண்ணச் சொல்லிப்போடுவேன்."

மாமன் கொண்டு வந்த குலை

சாந்தாமணி அக்காவின் சிறுநீரகம் மகளுக்குப் பொருந்திவிட்டது; அடுத்த வாரம் ஆபரேஷன். அந்த நேரம் பார்த்து பாப்பாவின் தாய்மாமன் பொள்ளாச்சியிலிருந்து ஒரு குலை இளநீரோடு வந்து, நான் கவனிப்பதற்குள் அவளை அரைக் காய் குடிக்க வைத்துவிட்டார். இளநீரில் உள்ள பொட்டாசியத்தை வெளியேற்ற அவளுக்கு வழியில்லை. ஏறினால் இதயமே நின்றுபோகும். ரத்தம் எடுத்தோம், உடனே மெஷினில் போட்டோம். அளவு இறங்கும்வரை நான் அவள் கட்டிலை விட்டு நகரவில்லை. ஆபரேஷன் தள்ளிப்போகவில்லை என்று தெரிந்ததும் மாமன் மெல்ல என்னிடம் வந்தார். "நோவுல கெடக்கற புள்ளையப் பார்க்க வெறுங்கையோட எப்படிங்க தம்பி வர்றது?"

மறுநாள்

ஆபரேஷன் முடிந்த மறுநாள் அக்கா வேறு வார்டில் படுத்திருந்தார். தையல் வலிக்கிறதா என்று கேட்டேன். "அது கெடக்குதுங்க, பாப்பா ஒன்னுக்குப் போனாளுங்களா?" என்றார். கட்டிலில் தொங்குகிற மூத்திரப் பை நிரம்பி, மாற்றி, மறுபடியும் நிரம்புகிறது என்றேன். மாத்திரை ஆயுளுக்கும் உண்டு. இந்தச் சிறுநீரகமும் எத்தனை வருஷம் ஓடும் என்று யாரும் சொல்ல முடியாது. அதெல்லாம் அக்காவுக்குத் தெரியும். ஆனாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வார்டுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "போன எடத்துல போனதும் வேலையத் தொடங்கிப்போட்டுதுங்க. என்ற கிட்னியாச்சுங்களே, சும்மா இருக்குமா?"

ஒரு பை மூத்திரத்துக்கு ஒரு வார்டே சிரித்துக் கொண்டாடுகிற உத்தியோகம் வேறெங்கும் கிடைக்காது என்பதால், நானும் இன்னும் இங்கேயேதான் இருக்கிறேன்.