தயானி டீச்சர் ஏசியைக் கழற்றிய கதை

நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கும் தயானி டீச்சருக்கு எதையும் முடிவு செய்ய ஐந்து நிமிடம் போதும். அவள் கணவன் கிருஷ்ணராஜுக்கு ஐந்து மாதம் வேண்டும். ஏற்கெனவே யாரோ பாவித்த சின்னக் கார் ஒன்று வாங்கியபோதும் அவன் நிறத்தைத்தான் பார்த்தான், இன்ஜினைப் பார்க்கவில்லை. வாங்கிய கையோடு, "ஏசி காரு" என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்தான்.

அந்த ஏசியைப் போட்டால், பசறையிலிருந்து ஏறும் வளைவுகளில் கார் முக்கி முனகியது. ஒருநாள் பின்னால் வந்த பஸ் டிரைவர் ஹோர்ன் அடித்து அலுத்துப்போய், இறங்கி வந்து, "தள்ளி விடவா டீச்சர்?" என்று மரியாதையாகவே கேட்டார். அடுத்த வாரம் கம்பிரசர் இறுகிப்போய், பெல்ட் கிறீச்சிடத் தொடங்கியது.

பதுளை கராஜில் மெக்கானிக் மொஹிதீன் பானெட்டைத் திறந்து பார்த்தார். "புதுசு போட்டாலும் ஏத்தத்துல இழுக்காது டீச்சர். சின்ன இன்ஜின்."

"அப்ப கழட்டிருங்க."

"அவசரப்படாத. யோசிப்போம்," என்றான் கிருஷ்ணராஜ்.

"நம்ம ஊருல ஜன்னலத் தொறந்தாலே பல்லு கிட்டுது. இதுல யோசிக்க என்னங்க இருக்கு?"

மொஹிதீன் மிச்சமிருந்த வாயுவை மெஷின் வைத்து சிலிண்டருக்குள் இழுத்தார். கம்பிரசரையும், ரேடியேட்டருக்கு முன்னால் இருந்த கண்டென்சரையும், குழாய்களையும் கழற்றிவிட்டு, கம்பிரசரைச் சுற்றத் தேவையில்லாத கட்டையான பெல்ட் ஒன்றை மாட்டினார். உள்ளே காற்றூதும் விசிறியை மட்டும் விட்டுவைத்தார். கிருஷ்ணராஜ் ஆபரேஷன் அறை வாசலில் நிற்பவனைப் போல நின்றான். திரும்பும்போது கார் மூச்சு வாங்காமல் மலை ஏறியது. தயானிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அக்காகிட்ட மட்டும் சொல்லிறாத. ஏசி காருன்னு சொல்லி வச்சிருக்கேன்," என்றான் அவன்.

அடுத்த வாரம் அவன் அக்கா யோகம்மா கொழும்பிலிருந்து பதுளையில் ஒரு கல்யாணத்துக்காக வந்திருந்தாள். காலையில் பட்டுச் சேலையோடு பின் சீட்டில் ஏறினாள். வெளியே பனிமூட்டம். தயானி ஓட்ட, பக்கத்தில் இருந்த கிருஷ்ணராஜ் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு விசிறியைப் போட்டான்.

கொஞ்ச தூரத்தில் யோகம்மா முந்தானையைப் போர்த்திக்கொண்டாள். "தம்பி, ஏசியக் கொஞ்சம் கொறப்பா. நடுங்குது."

கிருஷ்ணராஜ் பயபக்தியோடு பட்டனைத் திருப்பினான். தயானி உதட்டைக் கடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள்.

பசறை தாண்டியதும் வெயில் ஏறியது. யோகம்மா விசிறிக்கொண்டாள். "இப்பக் கூட்டிவிடுப்பா."

அவன் கூட்டினான். வெளியே இருந்த சூடான காற்றுதான் வந்தது. இன்னும் கூட்டினான். இன்னும் சூடாக வந்தது. அவன் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியதைப் பார்த்த தயானி, நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டாள்.

"ஏசியக் கழட்டிட்டோம் அண்ணி. போன வெள்ளிக்கிழமையே."

"அப்ப மேல மலையில எனக்கு நடுங்கினது?"

"அது நமுனுகுல காத்து."

யோகம்மா சிரிக்கத் தொடங்கியவள் பதுளை வரும்வரை நிறுத்தவில்லை. மண்டபத்தில் கண்டவரிடமெல்லாம் சொன்னாள். சாப்பாட்டுப் பந்தியில் முன்பின் தெரியாத ஒருவர் கிருஷ்ணராஜிடம், "தம்பி, நடுங்குது. மேல ஓடுற ஃபேனக் கொஞ்சம் கொறச்சு விடுறீங்களா?" என்றார். அவன் முகம் சிவந்தது. ஆனால் பாயாசம் வருவதற்குள் கதையை அவனே சொல்ல ஆரம்பித்திருந்தான்.

"மலைக்கு ஏசி சரிப்படாதுங்க. கழட்டச் சொன்னதே நாந்தான்," என்றான்.

தயானி இன்னொரு அப்பளம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.