ஞானஸ்நானத்துக்கு வந்த மண்வெட்டி

தூத்துக்குடியிலிருந்து நாங்கள் இலங்கையின் யட்டியாந்தோட்டைக்குக் குடிவந்தது தொண்ணூற்று நான்காம் ஆண்டு. எனக்கு அப்போது ஒன்பது வயது. கடைவீதியில் உறவினரின் மளிகைக் கடையில் அப்பாவுக்கு வேலை. கடைவீதி முடிந்து றப்பர் தோட்டம் தொடங்குமிடத்தில் எங்கள் வாடகை வீடு. மேலே தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம், எதிரே ஒரு சிங்கள வீடு. பாதையில் போகிறவர்கள் சிரிப்பார்கள், அம்மாவும் சிரிப்பாள். அதற்கு மேல் ஒருவரும் எங்கள் படியேறியதில்லை.

தம்பிக்கு ஞானஸ்நானம் நிச்சயமானபோது அம்மாவுக்கு அதுவே கவலையாகிவிட்டது. அழைக்க ஆளில்லாமல் பிள்ளைக்கு என்ன விசேஷம்? கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். "தோரணம் கட்டுவோம். என்ன விசேஷம்னு கேப்பாங்க. கேட்டா கூப்பிட்டிரலாம்."

தூத்துக்குடியில் எங்கள் தெருவில் ஞானஸ்நானத் தோரணம் வெள்ளையாகத்தான் இருக்கும். மழைக்குத் தாள் தாங்காதென்று அப்பாவின் பழைய வேட்டியை முக்கோணங்களாக வெட்டி, சனிக்கிழமை காலையில் நானும் அம்மாவும் பாதை முனையிலிருந்து வாசல்வரை கட்டினோம். இந்த நாட்டில் அது சாவு வீட்டின் அடையாளம் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.

தோட்டத்தில் றப்பர் பால்வெட்டு முடிந்த நேரத்தில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் இரண்டு பேர் உட்காரும் நீள வாங்கு ஒன்றைச் சுமந்து வந்து முற்றத்தில் போட்டார்கள். பெண்கள் சீனியும் தேயிலையும் கொண்டுவந்தார்கள். எதிர்வீட்டுச் சிங்கள அக்கா தேங்காய்களோடு வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மண்வெட்டியோடு வந்த ஒருவர் தயங்கிக் கேட்டார்: "வயசானவங்களா தங்கச்சி?"

"இல்லண்ணே, பத்து மாசந்தான் ஆகுது."

பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்கள். "அனே நங்கி!", ஐயோ தங்கச்சி, என்று சிங்களத்தில் அரற்றி அக்கா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அம்மா திகைத்து நின்றாள். அந்தச் சத்தத்தில் விழித்த தம்பி உள்ளேயிருந்து தவழ்ந்து வந்து, மண்வெட்டிக் காம்பைப் பிடித்து எழுந்து நின்றான்.

"நாளைக்கு இவனுக்கு ஞானஸ்நானம், அதுக்குத்தானே தோரணம்," என்றாள் அம்மா. பிறகு அந்த அண்ணன் மண்வெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"மறைக்காதீங்க, அடுப்புக்குக் குழி வெட்டுங்க. நாளைக்குச் சாப்பாடு இருக்குல்ல!" என்றாள் ஒரு பெண். முற்றமே சிரித்தது. ஒருத்தி மிளகாயும் உப்பும் எடுத்துத் தம்பிக்குச் சுற்றிப் போட்டாள். அக்கா வெள்ளையை அவிழ்த்துவிட்டு, வெசாக் பண்டிகைக்கு விளக்குக்கூடு கட்டி மிஞ்சிய வண்ணத்தாள்களை அந்தக் கயிற்றில் ஒட்டினாள். ஞாயிறன்று எல்லோரும் நல்ல உடுப்பில் வந்து சாப்பிட்டார்கள். வாங்கை யாரும் திருப்பிக் கொண்டுபோகவில்லை. அது எங்கள் முற்றத்திலேயே கிடந்தது, சாயங்காலங்களில் அவர்கள் வந்து உட்கார.

"யாரோ செத்துட்டாங்கன்னு தப்பா நெனச்சுத்தானே வந்தாங்க?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"வந்தாங்கல்ல," என்றாள்.

அந்தப் பதில் எனக்கு அன்று போதவில்லை. அந்த வீட்டில் இருப்பது யாரென்றே அவர்களுக்குத் தெரியாது. யார் செத்தார்கள் என்பதும் தெரியாது. தெரியாமலேதான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டிருந்தார்கள்.