மண்டபத்துக்கு அடித்த சுண்ணாம்பு

சுங்குவார்சத்திரம் போகும் சாலையோரத்துப் பழைய கல்மண்டபத்தில் அப்பா டீக்கடை போட்டிருந்தார். கிறிஸ்தவர்களான எங்கள் வேதக்காரக் குடும்பம் மண்டபத்தில் அடுப்பு மூட்டியதை ஊரில் யாரும் ஏனென்று கேட்டதில்லை. கேட்காததே அப்பாவுக்குச் சந்தேகம்தான். அந்தக் குணம் எனக்கும் அப்படியே வந்திருக்கிறது.

அறுபதுகளில், நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது, தொல்பொருள் அதிகாரி ஒருவர் டீ குடிக்க வந்தார். தூணில் வெட்டியிருந்த எழுத்துகளை விரலால் தடவித் தடவி, வாய்க்குள்ளேயே படித்தார்.

"ரொம்பப் பழசு. சர்க்கார்ல சொல்லி போர்டு வெச்சுடலாம். அப்புறம் யாரும் கை வைக்க முடியாது" என்றார்.

"யாரும்னா நாங்களுமா சார்?" என்று கேட்டார் அப்பா.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கும் பிடிக்கவில்லை.

அவர் தலை மறைந்ததும், "கல்லுக்குப் போர்டு வெப்பான், நம்மள ரோட்டுல வெப்பான்" என்றார் அப்பா. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு அடிக்கும் சுண்ணாம்பில் கஞ்சியும் நீலமும் கலந்து, எழுத்தே தெரியாதபடி தூண்களில் அப்பினார். பழசு என்றால்தானே பிடுங்குவார்கள்? அதிகாரி மறுபடி வந்தபோது மண்டபம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். டீகூடக் குடிக்காமல் போய்விட்டார். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தோம். அதன் பிறகு கிறிஸ்துமஸ் தவறாமல் இன்னொரு பூச்சு.

எண்பதுகளில் தொழிற்சாலைகளுக்காகச் சாலையை அகலப்படுத்த அளக்க வந்தார்கள்.

"பழைய மண்டபம் சார், உள்ள எழுத்து கீது" என்று அப்பா கரண்டியால் தூணைச் சுரண்டினார். இத்தனை வருஷத்துப் பூச்சு, லேசில் வரவில்லை.

"இடிக்கிற எடத்துல எல்லாரும் இதான் சொல்றாங்க, பெரியவரே" என்றார் சர்வேயர். அவருக்கும் சந்தேகம்.

தன் வினை தன்னைச் சுடும் என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும். போர்டு வைத்திருந்தால் மண்டபம் நின்றிருக்கும், கடை நின்றிருக்காது. கல்லுக்கு மதிப்புப் போடத் தெரிந்தவர்கள், அதில் சாய்ந்து பிழைத்தவனுக்கும் ஒரு மதிப்புப் போட்டிருப்பார்களா? இன்றும் நான் நம்பவில்லை.

இடித்த அன்று ஒரு தூண் விழுந்த வேகத்தில் சுண்ணாம்பு பட்டை பட்டையாகப் பெயர்ந்தது. உள்ளே எழுத்துகள் நேற்று வெட்டியவை போல இருந்தன. அப்பா பக்கத்தில் குந்தி, துண்டால் துடைத்தார்.

"இன்னா எழுதிக்கீது? நீதான் படிச்சவனாச்சே."

அந்தக் காலத்து எழுத்து. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அப்பா தூணைவிட்டு எழுந்திருக்கவில்லை. "அந்த சார் படிச்சாரு" என்றார்.