மாமியாரை மறந்த மாவு மில்காரன்

மில்லில் எல்லாவற்றின் மேலும் படிகிற மிளகாய்த்தூள் போலவே சத்தமும் மூளைக்குள் போய்ப் படியும் என்றுதான் முதலில் நம்பினேன். அதோடு விட்டேனா? படிந்ததை உதிர்த்துவிடலாம் என்று தலையைச் சாய்த்துக் கன்னத்தில் தட்டியும் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டியவன் செய்கிற வேலை.

திருப்புல்லாணிப் பக்கம் நானும் என் மனைவியும் மாவு மில் நடத்துகிறோம். குண்டு மிளகாய் சீசனில் காலையில் போட்ட மெஷின் பொழுது சாய்ந்துதான் நிற்கும். அந்த இரைச்சலில் பேச்சு ஏது? நைசாக அரைக்க ஒரு கைச்சாடை, கொரகொரப்புக்கு இன்னொன்று. யார் எதைச் சொன்னாலும் நான் தலையாட்டிவிடுவேன். திருப்பிக் கேட்டுக்கொண்டு நின்றால் வரிசை ரோட்டுக்குப் போய்விடும்.

ஒருநாள் என் மாமியார் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கி, மதியம் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தார். கூட்டிவர வேண்டியவன் நான்.

“காலையில சொன்னப்பத் தலைய ஆட்டுனீங்களே!” என்றாள் மனைவி.

சொன்னதாகவே எனக்கு நினைவில்லை. அந்த வாரம் பார்த்துத்தானா போனில் அப்படி ஒரு செய்தி வர வேண்டும்? ஓயாத சத்தத்தில் இருப்பவர்களுக்கு மறதி நோய் வரும் ஆபத்து கூடலாமாம். ‘கூடலாம்’ என்றுதான் போட்டிருந்தது. நான் ‘வந்துவிட்டது’ என்று படித்துக்கொண்டேன்.

டீக்கடையில் கூட்டாளியிடம் புலம்பினேன்.

“ஏலே, மாமியாள மறக்குறதெல்லாம் ஒரு சீக்கா? எனக்கு வரமாட்டேங்குதேனு நான் ஏங்கிக்கிட்டுக் கெடக்கேன்” என்றான்.

அமைதி வேண்டி சேதுக்கரைக்குப் போய் உட்கார்ந்தேன். கடலும் ஒரு மில்தான். நிறுத்த சுவிட்சுதான் இல்லை. பெண்டாட்டி பிள்ளைகளின் முகம் மறந்துபோகும் நாளை நினைத்து, யாரும் பார்க்காமல் கொஞ்சம் அழுதேன்.

நான் இப்படிக் கூத்தடித்துக்கொண்டிருக்க, என் மனைவி சத்தமில்லாமல் என்னைக் கவனித்திருக்கிறாள். ஒரு ராத்திரி நான் சாப்பிடும்போது பின்னால் நின்று ஏதோ சொன்னாளாம். நான் பாட்டுக்குத் தலையாட்டிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டேனாம். பிறகு டிவியை அணைத்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்து, தேங்காய், வெற்றிலை, சீனி, விளக்குத் திரி என்று நிதானமாகச் சொன்னாள். மறுநாள் கேட்டபோது ஒன்று விடாமல் ஒப்பித்தேன்.

“மறதியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. காதுல விழுந்தாத்தான மனசுல நிக்கும்? மில்லுல ஆட்டுற தலைய வீட்டுலயும் ஆட்டுறீங்க. கெளம்புங்க, டாக்டர்ட்டப் போவோம்.”

இத்தனை வருஷம் அதே மெஷின் பக்கத்தில் நின்றவள்தான் அவளும். நான் பயந்து நடுங்கிய நேரத்தில் அவள் யோசித்திருக்கிறாள். அந்தத் தெளிவை நினைத்தால் இன்றும் எனக்கு மலைப்புதான்.

ராமநாதபுரத்தில் காது டாக்டர் சோதித்தார். ஞாபகத்துக்கும் சில கேள்விகள் கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னேன். மறதி நோய்க்கான அறிகுறி எதுவும் தெரியவில்லை, மில் சத்தத்தில் இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது என்றார். அதைக் கவனிக்காமல் விட்டால் பிற்பாடு மறதி நோய்க்கான ஆபத்து கூடும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அடுத்த வாரமே காதுக்கருவி மாட்டிக்கொண்டேன். இப்போது மில் ஓடும் நேரமெல்லாம் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, நாங்கள் இருவரும் காதுக்கவசம் போட்டுக்கொள்கிறோம்.