ஹாஜரா இணைப்பைத் துண்டித்த மாலை

மார்சிலிங் நிலையத்தில் ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தபோது இக்பாலிடமிருந்து செய்தி வந்தது. "ஹாஜரா மௌத்தாயிட்டா. லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்." அவ்வளவுதான். சிறுநீரகம் பழுதாகி அவர் மருத்துவமனைக்குப் போவதும் வருவதுமாக இருந்தது எனக்குத் தெரியும். கைபேசி அதிரும்போதெல்லாம் இந்தச் செய்தியாக இருக்குமோ என்று சில மாதங்களாகவே பயந்துகொண்டிருந்தேன். ஆனாலும் படித்து முடித்ததும், நம்ப முடியாத ஒரு விஷயத்தை யாரிடம் சொல்வேனோ அந்த ஹாஜராவிடமே சொல்வதுபோல என் கைகள் தாமாக அசைந்தன. பக்கத்தில் நின்ற பெண் சற்று விலகி நின்றுகொண்டார்.

ஜூரோங்கில் கப்பல் பட்டறையின் வரைபடப் பிரிவில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு ஹாஜராவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் காரைக்காலில் பிறந்தவர். பிறவியிலேயே காது கேளாது. அவருடைய ஒரே தங்கை சுலைகாவுக்கும் அப்படியே. இக்பாலை மணந்து சிங்கப்பூர் வந்தார். லிட்டில் இந்தியாவில் தேக்கா சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் இக்பாலுக்குப் பெட்டி, பை விற்கும் கடை, மாடியில் வீடு. கப்பலுக்குள் ஓடும் குழாய்களை வரைவது ஹாஜராவின் வேலை. எனக்கு அடுத்த மேசை. பல ஆண்டுகள் பக்கத்தில் உட்கார்ந்ததில் அவருடைய கைமொழி எனக்கும் ஓரளவு வந்துவிட்டது. அதில் நீ, நீங்கள் என்ற வேறுபாடு கிடையாது. அவர் கையால் சொன்னதையெல்லாம் இங்கே என் பேச்சுத் தமிழில்தான் எழுதுகிறேன். வேறு வழியில்லை.

கைமொழி பேசுபவர்கள் ஒருவரைக் குறிக்க ஓர் அடையாளம் வைத்துக்கொள்வார்கள். எனக்கு அவர் வைத்தது, நகம் கடிப்பது. "சாந்தின்னு எழுத்து எழுத்தா சொல்றதுக்குள்ள நீ அடுத்த கவலைக்குப் போயிடுவே" என்றார்.

ஃபைபர் இணையம் அடுக்குமாடி வீடுகளுக்கெல்லாம் வந்துவிட்ட பிறகும் அந்தப் பழைய கடைவீட்டுக்கு வரவில்லை. தொலைபேசிக் கம்பி வழியாக வரும் இணையம்தான். அதில்தான் அக்காவும் தங்கையும் தினமும் வீடியோவில் பேசினார்கள். நமக்குப் படம் உறைந்தாலும் குரல் வந்துகொண்டிருக்கும். அவர்களுக்குப் படம் உறைந்தால் பேச்சே நின்றுவிடும். சுலைகாவின் விரல்கள் கட்டம் கட்டமாக உடைந்து போகும். "மீன் வாங்கினேன்னு சொன்னாளா, மாமியார் திட்டினாங்கன்னு சொன்னாளான்னு தெரியல" என்று ஹாஜரா ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். அப்போது சுலைகா கருவுற்றிருந்தாள். கணவன் துபாயில். தாய் தகப்பன் இல்லை. பிரசவத்தின்போது அவள் சொல்வதைப் புரிந்துகொள்ள அந்த ஊரில் யார் இருப்பார்கள் என்பதுதான் ஹாஜராவின் கவலை. கொஞ்ச நாளில் அது என்னுடையதாகவும் ஆகிவிட்டது.

முதலில் இணைய நிறுவனத்துக்குத் தொலைபேசியில் முறையிட்டோம். அதாவது, நான் பேசினேன். "அக்கவுண்ட் யார் பேர்ல இருக்கோ அவங்கதான் பேசணும். போனை அவங்ககிட்ட கொடுங்க" என்றார் மறுமுனையில் இருந்தவர்.

"அவங்களுக்குக் காது கேக்காதுங்க."

"பரவாயில்ல மேடம், ஒரே ஒரு யெஸ் சொன்னா போதும்."

நான் ஹாஜராவைப் பார்த்தேன். அவர் கைபேசியை வாங்கி, வாயருகே வைத்து, முழுக் குரலில் ஏதோ கத்தினார். கீழே கடையிலிருந்து இக்பால் ஓடி வந்தார். மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, உங்கள் லைன் நன்றாகத்தான் இருக்கிறது, அந்தக் கட்டடத்துக்கு அவ்வளவுதான் வேகம் வரும் என்று பதில் வந்தது.

அதன்பிறகு ஹாஜரா தாமே இறங்கிவிட்டார். சுவரோரம் ஓடிய நீளமான பழைய கம்பியைக் கழற்றிவிட்டு, மோடத்தைத் தொலைபேசிச் செருகியின் அருகிலேயே வைத்தார். கணினியில் மோடத்தின் பக்கத்தைத் திறந்து, வரிசையாக இருந்த எண்களில் ஒன்றை எனக்குக் காட்டினார். கம்பியில் இரைச்சல் எப்போதும் இருக்கும். சிக்னல் அதற்கு எவ்வளவு மேலே நிற்க வேண்டும் என்று மோடம் ஓர் இடைவெளி வைத்துக்கொள்ளும். அது அதிகமாக இருந்தால் இணைப்பு அறுந்து போகாது, ஆனால் வேகம் குறையும். குறைத்தால் வேகம் கூடும். எங்கிருந்தாவது கொஞ்சம் இரைச்சல் சேர்ந்தால் எல்லாம் அறுந்துவிடும். மோடம் திரும்ப இணைய சில நிமிடங்கள் ஆகும். இரைச்சல் என்றால் என்னவென்று கேட்டே அறியாத ஒருவர் இதை எனக்கு விளக்கினார். "கெட்டுப் போச்சுன்னா? இருக்கிறதும் போயிடுச்சுன்னா?" என்றேன்.

"பயந்துகிட்டு தூரமா நின்னா விழமாட்டோம். ஆனா பேசவும் முடியாது" என்றார்.

அந்த இடைவெளியை ஒன்பதிலிருந்து ஆறுக்கு இறக்கினார். சில நாள் பார்த்துவிட்டு மூன்றுக்கு. சுலைகாவின் விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தன. அன்று ஹாஜரா திரையின் முன்னால் உட்கார்ந்து நெடுநேரம் தங்கையின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

தீபாவளி நெருங்கியது. சிராங்கூன் சாலை முழுக்க அலங்கார வளைவுகள். சந்திலும் கடைக்குக் கடை மின்னி மின்னி அணையும் சரவிளக்குகள், தொலைபேசிக் கம்பி ஓடும் அதே சுவரில். இருட்டத் தொடங்கி அந்த விளக்குகளைப் போட்டதும் மோடத்தில் எண் சரிந்து இணைப்பு அறுவதை ஹாஜரா கவனித்துவிட்டார். இக்பாலிடம் சொன்னார். "லைட்டுக்கும் இன்டர்நெட்டுக்கும் என்ன சம்பந்தம் லா" என்று அவர் நம்பவில்லை.

சுலைகாவுக்கு வலி கண்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில். முன்பே பேசி வைத்தபடி நான் மார்சிலிங்கில் என் வீட்டிலிருந்து விழுந்தடித்துக்கொண்டு போனேன். காரைக்கால் ஆஸ்பத்திரியில் மாமியாரின் கைபேசி கட்டில் கம்பியில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதில் அக்காவும் தங்கையும் பேச, ஹாஜரா சொல்வதை நான் இன்னொரு அழைப்பில் அங்கிருந்த நர்ஸிடம் சொல்வதென்று ஏற்பாடு. வலி கண்ட பிறகு என் வீட்டுக்குப் போகலாமென்றால், போய்ச் சேரும்வரை தங்கையைப் பார்க்க முடியாது. ஞாயிறுகளில் லிட்டில் இந்தியாவில் அத்தனை தொழிலாளர்கள் ஊருக்குப் பேசுவார்கள். கைபேசி டேட்டா நகரவே நகராது. குரல் அழைப்பாவது கிடைத்ததே என்றிருந்தது.

ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. ஹாஜரா திரையில் தங்கையையும் ஓரத்தில் மோடத்தின் எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார். "லைட் போடப் போறாங்க. மூணுல வச்சா தாங்காது. திரும்ப ஒன்பதுக்கு ஏத்தணும். ஏத்தணும்னா இப்ப நானே கட் பண்ணணும்."

"இப்பவா? அவ வலியில துடிக்கிறா."

"தானா அறுந்தா நான் விட்டுட்டுப் போயிட்டேன்னு நினைப்பா. சொல்லிட்டுப் போனா காத்திருப்பா."

திரையைப் பார்த்து அவர் சொன்னதை நான் மறக்க மாட்டேன். "நான் கொஞ்ச நேரம் காணாம போவேன். திரும்பி வருவேன். நீ அங்கேயே பாத்துக்கிட்டிரு." சுலைகா வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கைபேசியைப் பிடிக்கக் கை நீட்டினாள். ஹாஜரா பொத்தானை அழுத்தினார். திரை வெறுமையானது.

நர்ஸோடு என் அழைப்பு மட்டும் அறுபடாமல் இருந்தது. அதில் ஒரு சத்தம் கேட்டது. வலியில் கத்துவது போல இல்லை. ஒரே மாதிரியான, திரும்பத் திரும்ப வரும் குறுகிய ஒலி. "சிஸ்டர், என்ன அது?" என்றேன்.

"அவங்கதான் மேடம். இருட்டான போனைப் பார்த்து ஏதோ கூப்பிடுறாங்க."

ஹாஜரா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சத்தம்? சொல்லு" என்றார்.

"உன்னைக் கூப்பிடுறா."

"வாயாலயா?"

"வாயால. ஒரே சத்தம், திரும்பத் திரும்ப."

அவர் கைகள் பாதியில் நின்றன. "என்னைக் கூப்பிட அவகிட்ட ஒரு சத்தம் இருக்கா?" என்று கேட்டார். நான் தலையசைத்தேன். மோடத்தின் விளக்கு இன்னும் சிவப்பாகவே மினுங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சில நிமிடங்களில் நான் எத்தனை தெய்வத்தைக் கூப்பிட்டேன் என்று தெரியாது.

பச்சை விளக்கு வந்தது. படமும் வந்தது, மெதுவாக, கலங்கலாக. "பெருசா சொல்லு, மெதுவா சொல்லு" என்றார் ஹாஜரா. அந்த நேரத்தில் இக்பால் மேலே வந்து எட்டிப் பார்த்தார். கீழே கடையில் கூட்டம். நான் நிலைமையைச் சொன்னேன். அவர் இறங்கிப் போனார்.

சாலையில் வளைவுகள் ஒளிர்ந்தன. மோடத்தில் ஒன்பது ஐந்தானது, பிறகு இரண்டானது. படம் ஒருமுறை நின்று, மறுபடி நகர்ந்தது. கீழேயிருந்து இக்பாலின் குரல் கேட்டது. "அண்ணே, கொஞ்ச நேரம் உங்க சரத்தை அணைச்சிடுங்கண்ணே. மச்சினிக்குப் பிரசவம். லைட்டுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு அப்புறம் சொல்றேன்." ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தேன். ஆண்டிலேயே வியாபாரம் மிகுந்த மாலையில் தன் கடை விளக்குகளை அணைத்துவிட்டு வாசலில் நின்றிருந்தார் அவர். பக்கத்துக் கடையும் இருண்டது. எண் நான்குக்கு ஏறியது.

அப்போதுதான் சுலைகா தலையைத் தொட்டாள். பிறகு கண்களுக்கு முன்னால் விரல்களைப் படபடவென்று விரித்தாள். பிறகு நெஞ்செலும்புக்குக் கீழே கையை வைத்து அழுத்தினாள். மாமியார் அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிடப் பார்த்தார். சுலைகா உதறிவிட்டு மறுபடியும் அதையே செய்தாள்.

ஹாஜராவின் முகம் மாறியது. "பிரசவ வலி இல்ல. தலை வெடிக்குதுங்கிறா. கண்ணு முன்னாடி பளிச் பளிச்சுன்னு ஏதோ தெரியுதுங்கிறா. மேல்வயித்துல வலி. உடனே சொல்லு."

சொன்னேன். "பயத்துல அப்படித்தான் இருக்கும் மேடம். காலைல பிரஷர் பார்த்தோம், நார்மல்தான்" என்றார் நர்ஸ்.

"இப்ப ஒரு தடவை பாருங்க சிஸ்டர். அவ பயந்து சொல்லல. தெளிவாச் சொல்றா. உங்களுக்குத்தான் அது கேக்கல." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

பிரஷர் பார்க்கும் பம்ப்பை அழுத்தும் சத்தம் கேட்டது. பிறகு யாரோ ஓடும் சத்தம். இன்னொரு குரல், டாக்டர். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, தாமதித்தால் வலிப்பு வரலாம், உடனே அறுவை செய்ய வேண்டும், அவருக்குப் புரியும்படி சொல்லுங்கள் என்றார். ஹாஜரா சொன்னார். மயக்க மருந்து எங்கே போடுவார்கள், எங்கே கீறுவார்கள், குழந்தையை எப்படி எடுப்பார்கள் என்று ஒவ்வொன்றாக, அவசரப்படாமல். கலங்கிய அந்தப் படத்தில் சுலைகா கடைசி அசைவுவரை பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கைபேசியில் வெறும் சுவர் தெரிந்தது.

அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நாங்கள் உட்கார்ந்திருந்தோம். நான் நகம் கடிக்கவில்லை. ஹாஜரா என் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தார், கடிக்க விடவில்லை. நர்ஸ் திரும்ப வந்து, "பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க" என்றபோது அந்தச் செய்தியைச் சொல்ல என் கைகள் அவருடைய கைக்குள்ளிருந்து வெளியே வர வேண்டியிருந்தது. சொல்வதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது.

பின்னால் ஃபைபர் வந்ததும் அந்த மோடத்தை ஹாஜரா சற்றும் யோசிக்காமல் பழைய சாமான் எடுப்பவரிடம் கொடுத்துவிட்டார். நினைவுக்கு வைத்துக்கொள்ளலாமே என்றேன். "எதுக்கு? அது ஸ்லோ" என்றார்.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும் இக்பால் என்னைத் தனியே அழைத்தார். "சுலைகாவுக்கு யாரு சொல்றது? கையால எனக்கு சாப்பிட்டியா தூங்கினியாதான் சொல்லத் தெரியும். இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல, சாந்தி." அதே மாடி அறையில் உட்கார்ந்து அழைத்தேன். படம் துல்லியமாக இருந்தது. தப்பாகச் சொல்லிவிடுவேனோ, பாதியில் நிறுத்திவிடுவேனோ என்ற பயம். சொன்னேன். கடைசி நேரத்தில் யார் கூட இருந்தார்கள் என்று அவள் கேட்டாள். இக்பால் இருந்தார், கையைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்றேன். அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

இப்போது அவள் வாரம் ஒருமுறை என்னை அழைக்கிறாள். அந்த மொழியில் பேச வேறு ஆள் அவளுக்கு அதிகம் இல்லை. நான் மெதுவாகப் பேசுகிறேன், நிறையத் தப்புச் செய்கிறேன், சில சமயம் ஒரே வாக்கியத்துக்கு அவள் என்னை நான்கு முறை திருத்துகிறாள். ஹாஜராவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தப் பேச்சுதான். சென்ற வாரம் சுலைகா ஏதோ சொல்லிச் சிரித்தாள். எனக்குப் பிடிபடவில்லை. புரிந்ததுபோலத் தலையாட்டியிருக்கலாம். ஆட்டவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். அவள் சொன்னாள்.